குண்டு விழுந்த இடம் வரை

1

"நீ பேசினா கேப்பாடா" என்றார் சித்தப்பா. சிதம்பரத்தில், கீழவீதியிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிற அவர் வீட்டுத் திண்ணையில். பிளஸ் டூ ரிசல்ட் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. சித்தப்பா பெண் நல்ல மார்க். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும், எலெக்ட்ரானிக்ஸ் கிடைக்கும், கொஞ்சம் மெனக்கெட்டால் வேறு எதுவும் கிடைக்கும். அவளுக்கு வேண்டியது ஐந்து வருஷச் சட்டப் படிப்பு.

எங்கள் குடும்பத்தில் சட்டம் என்பது படிப்பு அல்ல. அது ஒரு விபத்து. நிலத் தகராறில் மாட்டிக்கொண்டவர்கள் போய்ச் சேரும் இடம். மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போய் வந்தே முடி நரைத்த ஒரு பெரியப்பா இருந்தார். ரெண்டு ஏக்கர் புஞ்சைக்காகக் கடலூருக்கு அவர் செலவழித்த பஸ் சார்ஜில் இன்னொரு ஏக்கர் வாங்கியிருக்கலாம் என்பது வீட்டுக் கணக்கு. அந்த வீட்டில் போய் ஒரு பெண் தானாகவே சட்டம் படிக்கிறேன் என்றால்?

எனவே என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் இன்ஜினியர். பெங்களூரில் வேலை. அதாவது, எங்கள் வீட்டுச் சட்டப்படி அறிவுரை சொல்லத் தகுதி பெற்றவன்.

மாடியில் தனியாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். முதல் தலைமுறை வழக்கறிஞருக்கு ஆரம்ப வருஷங்களில் வருமானம் இருக்காது, சீனியர் கிடைப்பது கஷ்டம், பெண்களுக்கு இன்னும் கஷ்டம். தயாரித்துக்கொண்டு போன பட்டியல் இது. அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அண்ணா, ராஜாகண்ணு ஊரு இங்கேருந்து எவ்ளோ தூரம்?"

எனக்குத் தெரியவில்லை. 'ஜெய் பீம்' பார்த்திருக்கிறேன், 2021 நவம்பரில், பெங்களூர் அறையில், லேப்டாப்பில். அழுதிருக்கிறேன். அது எங்கள் மாவட்டத்தில் நடந்தது என்றும் எங்கோ படித்திருக்கிறேன். ஆனால் தூரம்? போனை எடுத்து மேப்பில் கம்மாபுரம் என்று தேடினேன். விருத்தாசலம் போகிற வழியில், நெய்வேலிக்குப் பக்கத்தில். பஸ் மாறிப் போனாலும் அரை நாள் ஆகாது.

"நாலு வருஷம் இங்கதானே படிச்ச?" என்றாள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கட்டுரை இது. அவளுடைய படிப்பைப் பற்றியது என்று நினைத்துத்தான் தொடங்கினேன். பாதிக்கு மேல் என் ஊரைப் பற்றியதாகிவிட்டது.

2

கடலூரில் சட்டத்தின் எல்லை எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்பதற்கு ஒரு கதை உண்டு. கதை இல்லை, வரலாறு.

1690. செஞ்சியில் மராத்தியர் ஆட்சி. தேவனாம்பட்டினத்தில் கடலோரமாக இருந்த கோட்டையை அவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார்கள். அப்போது சென்னையின் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே ஆள். கோட்டைக்குப் புனித டேவிட் பெயர் வைக்கப்பட்டது. விற்பனையில் ஒரு வினோதமான ஷரத்து இருந்தது. கோட்டையோடு, அங்கிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள நிலமும் கம்பெனிக்கு.

கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நல்ல பீரங்கியும் கைதேர்ந்த பீரங்கிக்காரரும் வரவழைக்கப்பட்டார்கள். நாலு திசையும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடங்களுக்கு உட்பட்ட கிராமங்கள் எல்லாம் ஒரே நாளில் வேறொரு அரசின் கீழ் வந்தன. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். கடலூர்ப் பழைய நகரமும் அதில் அடக்கம்.

அந்தக் கிராமங்களில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். காலையில் ஒரு ராஜாவின் குடி. சத்தம் கேட்டது. மாலையில் ஒரு வியாபாரக் கம்பெனியின் குடி. இனி யாரிடம் போய் முறையிடுவது, யார் தண்டிப்பார், யார் வரி வாங்குவார் எல்லாம் மாறிவிட்டது. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் ஸ்கோப் என்று ஒரு வார்த்தை உண்டு. ஒரு மாறியை எந்த வரிக்குள் பயன்படுத்தலாம், எந்த வரியைத் தாண்டினால் அது இல்லாமல் போய்விடும் என்பது ஸ்கோப். சட்டத்தில் இதற்கு அதிகார வரம்பு என்று பெயர். சட்ட மாணவர்கள் வழக்கின் நியாயத்துக்குப் போவதற்கு முன்னால் கேட்கப் பழகுகிற கேள்வியும் இதுதான்: இது யாருடைய எல்லை? குண்டு எதுவரை போகும்?

இந்தக் கேள்வி வறட்டுத்தனமானது என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு மனிதனின் பிணம் எந்த எல்லையில் கிடக்கிறது என்பதில் ஒரு வழக்கே தங்கியிருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

3

சட்டம் இளங்கலைப் படிப்பாக ஆனதே சமீபத்தில்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் தொடங்கியது. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி, அதே செங்கல் நிறத்தில் நிற்கிற கட்டடம். ரொம்ப காலம் அதுதான் நமக்குச் சட்டக் கல்வி. ஆனால் அங்கே போக முதலில் வேறொரு பட்டம் வேண்டும். பி.ஏ. முடித்துவிட்டு பி.எல். என்பதுதான் முறை. அந்தக் கால விசிட்டிங் கார்டுகளில் 'பி.ஏ., பி.எல்.' என்று சேர்ந்தே இருக்கும். அது ஒரே டிகிரி என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். ரெண்டு டிகிரி படிக்க வீட்டில் நிலம் இருக்க வேண்டும், அல்லது சொந்தக்காரர் ஒருவர் ஏற்கெனவே வக்கீலாக இருக்க வேண்டும்.

1980களில் இது மாறியது. பள்ளி முடித்தவுடனே நேராகச் சேரும் ஐந்தாண்டுப் படிப்பை 1982இல் இந்திய பார் கவுன்சில் கொண்டுவந்தது. பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி வந்தது, அதன் முதல் மாணவர்கள் 1988இல் சேர்ந்தார்கள். அங்கிருந்து தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகப் பெருகின. 2008 முதல் அவற்றுக்கு கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வு. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு அந்தத் தேர்வு வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். அம்பேத்கர் பெயரிலுள்ள சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் அவை இயங்குகின்றன.

ஆக, பதினேழு பதினெட்டு வயதில் ஒருவர் இந்தப் படிப்புக்குள் வரலாம் என்பதற்கு இன்னும் ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டம், அரசமைப்புச் சட்டம், சாட்சியச் சட்டம். கூடவே வரலாறும் சமூகவியலும் அரசியல் அறிவியலும். மாதிரி நீதிமன்றம் உண்டு, நண்பனுக்கு எதிராக நண்பன் வாதாட வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது இருபது வாரம் வெளியே போய்ப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதி சொல்கிறது. வக்கீல் ஆபீஸ், கீழமை நீதிமன்றம், தொண்டு நிறுவனம் என்று எங்கே வேண்டுமானாலும்.

சித்தப்பா பெண் இதையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். பாடத்திட்டத்தை பிரிண்ட் எடுத்து வைத்திருந்தாள். "ஆனா ஒண்ணு கவனிச்சியா? இதுல சட்டம்னு எத்தனை தடவை வருது, நீதின்னு எத்தனை தடவை வருது பாரு" என்றாள். எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாமலே தெரிந்தது.

நீதி என்றால் நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது திருவாரூர். பசு வந்து மணியை அடித்தது, மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சென்னை உயர் நீதிமன்றத்திலேயே அந்தச் சோழனுக்குச் சிலை உண்டு. அந்தக் கதையில் வக்கீலே கிடையாது. மனு இல்லை, வாய்தா இல்லை, அதிகார வரம்பு இல்லை. மணி மட்டும்தான். இன்றைக்கு மணி எங்கே தொங்குகிறது, அதை எந்தக் கையால் எப்படி இழுப்பது என்று தெரிந்துகொள்ளவே ஐந்து வருஷம் படிக்க வேண்டியிருக்கிறது.

4

அண்ணாமலை நகருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிலை உண்டு. நாலு வருஷம் அதைக் கடந்து போயிருக்கிறேன். டீக்கு, சினிமாவுக்கு, ரயிலுக்கு. அது ராஜேந்திரன் என்ற மாணவரின் சிலை. 1965 ஜனவரி 27, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர். அது தெரியும், பரீட்சைக்குப் படித்த பாணியில் தெரியும்.

தெரியாத பெயர் உதயகுமார்.

1971 ஜூலை. அப்போதைய முதல்வர் மு. கருணாநிதிக்குப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மாணவர்களில் ஒரு பகுதி எதிர்த்தது. போலீஸ் வந்தது, தடியடி நடந்தது. பிறகு வளாகத்துக் குளத்தில் ஒரு மாணவரின் உடல் மிதந்தது. அது உதயகுமார் என்றார்கள் நண்பர்கள். அது தன் மகனே இல்லை என்றார் தந்தை. அவரை மிரட்டி அப்படிச் சொல்ல வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதிலிருந்தே உண்டு. பெற்றவரே தன் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? இறந்தவர் யார் என்பதையே விசாரிக்க வேண்டிய நிலை. நீதிபதி என்.எஸ். ராமசாமி தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது.

அந்தக் கமிஷன் முன்னால் மாணவர் தரப்பில் வந்து நின்றவர்களில் ஒரு இளைஞர் இருந்தார். இடதுசாரி மாணவர் இயக்கத்துக்காரர். சென்னையில் லயோலாவில் படிக்க ஆரம்பித்து, போராட்டங்களால் அங்கே தொடர முடியாமல், கிறித்துவக் கல்லூரியில் பட்டத்தை முடித்தவர். வக்கீல் இல்லை, சட்டம் படித்தவரும் இல்லை. அவர் பேசியதைக் கவனித்த நீதிபதி, நீ ஏன் சட்டம் படிக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்.

அந்த இளைஞர் சந்துரு. பிற்காலத்தில் நீதிபதி சந்துரு.

1973இல் அவர் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் நிம்மதியாகப் படிக்க விடவில்லை. அரசியல் ஆள் என்பதால் விடுதியில் இடம் மறுக்கப்பட, உண்ணாவிரதம் இருந்துதான் இடம் வாங்கினார். 1976இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 'நானும் நீதிபதி ஆனேன்' என்ற தலைப்பில் தன் கதையைப் பின்னால் எழுதினார்.

1976 என்பது எந்த மாதிரி வருஷம்? நெருக்கடி நிலை. அந்த ஏப்ரல் 28ஆம் தேதிதான் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் கைதானவர்கள் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் ஹெச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதிப் பதவி வரவில்லை. ஒருவர் வக்கீலாகக் கறுப்பு கவுனைப் போடுகிற வருஷத்தில், அந்தத் தொழிலின் ஆதாரமான மனுவே செல்லாது என்றாகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்தில் இனிமேல் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கிடையாது என்று அறிவித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

ஆட்கொணர்வு மனு. வார்த்தையைப் பிரித்துப் பார்த்தாலே போதும். ஆளைக் கொண்டுவா. நீ பிடித்துப் போன ஆளை என் முன்னால் நிறுத்து, எந்தச் சட்டப்படி பிடித்தாய் என்று சொல். ராஜாவைப் பார்த்துக்கூட இதைக் கேட்கலாம் என்பதுதான் அதன் மொத்த அழகு.

ஆள் உயிரோடு இல்லை என்றால்?

5

1993 மார்ச். அப்போது கடலூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது, தென்னார்க்காடுதான். அது பிரிந்தது அந்த வருஷம் செப்டம்பரில்.

முதனை என்ற கிராமம். குறவர் சமூகத்தைச் சேர்ந்த சில குடும்பங்கள். படத்தில் இருளர் என்று வரும், உண்மையில் அவர்கள் குறவர்கள். ராஜாகண்ணு, அவர் மனைவி பார்வதி. கூலி வேலை. வேலைக்குப் போன ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. கம்மாபுரம் போலீஸ் மார்ச் 20 வாக்கில் தேடி வந்தது. ராஜாகண்ணு இல்லை என்றதும் மனைவியையும் உறவினர்களையும் பிடித்துப் போனது. அடி. பிறகு ராஜாகண்ணுவும் பிடிபட்டார். அடி. கணவனை அடிப்பதைப் பார்வதி பார்த்தார். அதற்குப் பிறகு அவரை அனுப்பிவிட்டார்கள். ராஜாகண்ணு தப்பி ஓடிவிட்டார் என்றது காவல்துறை.

இதற்கு ஒரு வருஷத்துக்கு முன்புதான், 1992 ஜூனில், அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒருவர் இறந்திருந்தார். அவருடைய மனைவி அதே நிலையத்தில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தார். தமிழ்நாடே பேசிய வழக்கு. அவர்கள் பெயரை எழுதவில்லை. அப்படிப் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அச்சிடுவது குற்றம் என்று 1983இல் தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயரை எழுதாமல் விடுவதில் என்ன இருக்கிறது என்று முன்பு நினைப்பேன். கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்று அவரிடம் மிச்சம் இருக்கிறது என்று சட்டம் சொல்கிறது. இப்போது அது புரிகிறது.

முதனைக்கு வருவோம். பார்வதி சும்மா இருக்கவில்லை. உள்ளூர் கம்யூனிஸ்ட் தோழர்கள் கூட நின்றார்கள். மேலதிகாரிகளிடம் முறையீடு, போராட்டம், கடைசியில் சென்னை. சந்துருவிடம் வந்தார்கள். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. என் கணவனைக் கொண்டுவா.

இங்கேதான் அந்த எல்லை வருகிறது. கம்மாபுரத்திலிருந்து வடக்கே போனாலும் கிழக்கே போனாலும் தென்னார்க்காடுதான். தெற்கே கொள்ளிடத்துப் பக்கம் போனால் மீன்சுருட்டி. அது அன்றைக்குத் திருச்சி மாவட்டம். அங்கே, அந்தக் காவல் நிலைய எல்லைக்குள், அடையாளம் தெரியாத ஓர் உடல் கிடந்தது. கம்மாபுரம் பதிவேட்டில் தப்பி ஓடிய கைதி. மீன்சுருட்டி பதிவேட்டில் பெயரில்லாத பிணம். ரெண்டு பதிவேடுகள், ரெண்டு மாவட்டங்கள். ரெண்டையும் ஒரே மேசையில் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அது ஒரே ஆள் என்று தெரியும்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது என் வேலை. ரெண்டு டேபிள்களில் ஒரே ஆள் ரெண்டு பெயரில் இருப்பதைக் கண்டுபிடித்து இணைப்பது. தினமும் செய்கிறேன், வாடிக்கையாளர் பட்டியலில் இரட்டைப் பதிவை நீக்க. அதே வேலைதான். இணையவிடாமல் வைத்திருந்தால் ஒரு கொலை மறைந்துவிடும், இணைத்துவிட்டால் ஒரு மனைவிக்குப் பதில் கிடைக்கும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

6

வழக்கமாக ஆட்கொணர்வு மனுவில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க மாட்டார்கள். மனுதாரர் ஒரு பிரமாணப் பத்திரம், அரசு ஒரு பிரமாணப் பத்திரம். ஆள் எங்களிடம் இல்லை என்று போலீஸ் சத்தியம் செய்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. தப்பி ஓடிவிட்டான் என்ற ஒற்றை வாக்கியம் போதும்.

அதை உடைக்க ஒரு முன்னுதாரணம் இருந்தது. அதில் செத்தவன் ஒரு இன்ஜினியரிங் மாணவன்.

ராஜன். கோழிக்கோடு பிராந்தியப் பொறியியல் கல்லூரி. 1976 மார்ச் 1ஆம் தேதி, நெருக்கடி நிலையில், போலீஸ் பிடித்துக் கக்கயம் முகாமுக்குக் கொண்டுபோனது. திரும்பி வரவில்லை. அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். ஓராண்டு அலைந்தார். நெருக்கடி நிலை நீங்கிய சில நாட்களிலேயே, 1977 மார்ச்சில், கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜனைக் கைதே செய்யவில்லை என்றது அரசு. நீதிமன்றம் அந்தச் சத்தியத்தோடு நிற்கவில்லை, சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்தது. கைதானதைப் பார்த்தவர்கள், முகாமில் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். பொய் உடைந்தது. நெருக்கடி நிலையில் உள்துறை அமைச்சராக இருந்து, அப்போது முதல்வராகியிருந்த கருணாகரன் பதவி விலகினார். ராஜனின் உடல் கிடைக்கவே இல்லை.

அந்தக் கல்லூரி இப்போது கோழிக்கோடு என்.ஐ.டி. அங்கே ஆண்டுதோறும் 'ராகம்' என்று ஒரு கலைவிழா நடக்கும். எங்கள் செட்டில் சிலர் போய் ஆடிப் பாடிவிட்டு வந்திருக்கிறார்கள். பாடகனாக இருந்த ராஜனின் நினைவில் நடக்கிற விழா அது என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

'ஜெய் பீம்' படத்திலும் இந்த வழக்கு வரும். ராஜாகண்ணு வழக்கிலும் உயர் நீதிமன்றம் பிரமாணப் பத்திரத்தோடு நிற்காமல் உள்ளே இறங்கிப் பார்த்தது. விசாரணைக்கும் இழப்பீட்டுக்கும் உத்தரவு வந்தது.

இதே நாட்களில் டெல்லியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒடிசாவைச் சேர்ந்த நீலபதி பெஹேரா என்ற தாயின் வழக்கு. 1987 டிசம்பரில் அவருடைய 22 வயது மகனைப் போலீஸ் பிடித்துப் போனது. மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணம். கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்துத் தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். அந்தத் தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்ட நீதிமன்றம், உன் காவலில் இருந்தவன் எப்படிச் செத்தான் என்று நீதான் சொல்ல வேண்டும் என்றது. அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. அடிப்படை உரிமை மீறலுக்கு அரசே பொறுப்பு, அரசுக்கு விலக்கு கிடையாது என்ற அந்தத் தீர்ப்பு இன்றைக்கு எல்லாச் சட்டக் கல்லூரியிலும் பாடம்.

அந்தத் தீர்ப்பின் தேதி 1993 மார்ச் 24.

முதனையில் ராஜாகண்ணு காணாமல் போய் ரெண்டு மூன்று நாள். ஒரு கயிறு கடிபட்ட கதையை நம்ப முடியாது என்று டெல்லியில் தீர்ப்பு வாசிக்கிறார்கள். தென்னார்க்காட்டில் அதே கதையை இன்னொரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் வெவ்வேறு சர்வர்களில் ஒரே எர்ரர் மெசேஜ் வந்தால், பிரச்சினை சர்வரில் இல்லை, எழுதினவன் கையில் இருக்கிறது என்பார்கள்.

ராஜாகண்ணு வழக்கு பல படிகள் கடந்து, 2006இல் காவலர்களின் குற்றத்தை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 13 வருஷம். அதே 2006 ஜூலையில் சந்துரு அதே நீதிமன்றத்தில் நீதிபதியானார். முன்னால் கோல் பிடித்து நடக்கும் தவாலி வேண்டாம் என்றார், மை லார்ட் வேண்டாம் என்றார். சுமார் 96,000 வழக்குகளை முடித்துவிட்டு 2013 மார்ச்சில் ஓய்வு பெற்ற அன்று அரசுக் காரை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் நிறுத்த முடியவில்லை. பார்வதி ஜெயித்தார், சரி. 2021இல் படம் வந்து நிருபர்கள் தேடிப் போனபோதும் அவர் வறுமையில்தான் இருந்தார். தீர்ப்பு கணவனைத் தரவில்லை, கூரையையும் தரவில்லை. 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினோரு நிபந்தனைகளை விதித்தது. கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். காவல் நிலையங்களில் போர்டு எழுதி மாட்டவும் சொன்னது. அந்தப் போர்டுகள் எல்லாம் வந்த பிறகுதான் 2020இல் சாத்தான்குளம் நடந்தது.

குண்டு சில கிராமங்கள் வரைக்கும்தான் போகிறது. அதற்கு அப்பால் விழுவதில்லை.

7

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பா மறுபடி திண்ணைக்கு வந்தார். "என்னடா, பேசினியா?"

பேசினேன் என்றேன். கேட்டுப் பார்த்தேன் என்பதுதான் சரி.

அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெளிவில்லை. சட்டம் படித்தால் நீதி கிடைக்கும் என்று சொன்னால் பொய். இந்தக் கதையில் முதலில் அசைந்தவர்கள் யாரும் சட்டம் படித்தவர்கள் இல்லை. எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத ஒரு பெண், கட்சிக் கொடி பிடித்த சில உள்ளூர்க்காரர்கள். இன்னொரு பக்கம், சட்டத்தை மீறியவர்களுக்கும் சட்டம் தெரியும். எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்தவனால்தான் எல்லைக்கு வெளியே பிணத்தைப் போட முடியும்.

ஆனால் இதையும் மறுக்க முடியாது. அந்தப் பெண் சென்னைக்கு வந்தபோது, ஆளைக் கொண்டுவா என்ற மனுவை எப்படி எழுதுவது, சாட்சியை விசாரிக்கக் கூடாது என்றால் எந்தப் பழைய வழக்கைக் காட்டுவது என்று தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், இருபத்திரண்டு வருஷம் முன்னால் சிதம்பரத்துக் குளத்தில் மிதந்த ஒரு மாணவன். உதயகுமாருக்கு அதனால் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. ராஜாகண்ணுவின் பெயர் பதிவேட்டிலிருந்து மறையாமல் இருந்தது. நீதி என்று ஒன்று உண்டானால் அது இப்படிக் கோணலாகத்தான், தாமதமாகத்தான், ஒருவருக்குச் செய்யாததை இன்னொருவருக்குச் செய்துதான் வருகிறதோ என்னவோ.

சித்தப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சொன்னது இதுதான்: "சேத்து விடுங்க சித்தப்பா. முதல் அஞ்சாறு வருஷம் சம்பாத்தியம் இருக்காது. அதுக்கு நான் கொஞ்சம் பாத்துக்கறேன்."

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "உன்னைப் போயி அனுப்பினேன் பாரு" என்றார்.

மறுநாள் காலை பெங்களூர் பஸ்ஸுக்கு முன்னால், நானும் அவளும் அண்ணாமலை நகர் வரை நடந்தோம். ராஜேந்திரன் சிலை இருந்தது. அவள் படித்தாள், தேதியை. "இன்னொருத்தர் இருந்தார்" என்று சொன்னேன். உதயகுமார் கதையைச் சொல்லி முடிக்கும்போது ரயில்வே கேட் அருகே வந்திருந்தோம்.

"அவங்க அப்பாகிட்ட யாருமே திரும்பக் கேக்கலையா, அது உங்க பையன்தானான்னு?"

தெரியாது என்றேன். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டாள். கேள்வியைத்தான் எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன். கேட் திறந்தது. போனோம்.